ஒற்றைப் பாதையில் இருதிசை வண்டிகள்

இரட்டைத் தண்டவாளம் உள்ள இடத்தில் போகும் வண்டிக்கு ஒரு பாதை, வரும் வண்டிக்கு மற்றொரு பாதை. வெள்ளத்தாலோ விபத்தாலோ ஒன்று அடைபட்டால், எஞ்சிய ஒரே பாதையில் இருதிசை வண்டிகளையும் மாறி மாறி விட நேர்கிறது. எதிரெதிர் வண்டிகள் ஒரே சமயத்தில் அதில் நுழையாமல் காப்பது எங்ஙனம்? இதற்கு விடை காண இங்கிலாந்து கொடுத்த விலை பெரிது.

1874 செப்டம்பர் 10ஆம் நாள் இரவு. நார்விச் நகருக்கும் பிரண்டலுக்கும் இடையே அந்நாளில் ஒற்றைப் பாதையே புழக்கத்தில் இருந்தது. லண்டன் விரைவு வண்டி தாமதமானதால், பிரண்டலில் காத்து நின்ற தபால் வண்டியை முதலில் வரவிடலாம் என்ற யோசனை எழுந்தது. மேலாளின் கையொப்பம் பெறாமலேயே அச்செய்தி தந்தியில் சென்றது. பின்னர் விரைவு வண்டிக்கும் வழிவிடப்பட்டது. பிழை தெரிந்தபோது தபால் வண்டியும் புறப்பட்டிருந்தது. இரண்டும் நேருக்கு நேர் மோதி, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

வாய்ச்சொல்லும் தந்தியும் மட்டும் போதா என்பது இதனால் தெளிவாயிற்று. எட்வர்ட் டையர் என்பவர் 1878இல் மின்வில்லைக் கருவிக்கு உரிமை பெற்றார். இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் மின்சாரத்தால் பிணைக்கப்பட்டவை. ஒரு வில்லை வெளியே இருக்கும்வரை மற்றொன்றை எம்முனையிலும் எடுக்க இயலாது. வில்லையின்றி ஓட்டுநர் நகரலாகாது.

ஆயினும், இரட்டைப் பாதையில் திடீரெனத் தடை நேர்ந்தால் அங்கே இக்கருவி இராது. அப்போது மனிதர் ஒருவரே வில்லையாகிறார். ஆங்கிலேயர் அவரைப் 'பைலட்மேன்' என்பர். கையில் சிவப்புப் பட்டை அணிந்திருப்பார். அவர் ஏறிச் செல்லாமலோ, நேரில் நின்று அனுமதி தராமலோ எவ்வண்டியும் அப்பகுதிக்குள் நுழையக் கூடாது. ஒரே திசையில் பல வண்டிகள் தொடர்ந்து செல்வதாயின், முன்னவற்றை நேரில் அனுப்பிவிட்டுக் கடைசி வண்டியில் அவர் ஏறுவார். ஒருவர் ஒரே வேளையில் இரு முனைகளில் இருக்க முடியாதல்லவா? அதுவே பயணிகளுக்குக் காப்பு.

கருவி இருந்தும் கவனம் தவறினால் பயனில்லை. 1921 ஜனவரி 26இல் வேல்ஸ் நாட்டு அபர்மூல் நிலையத்தில், ஓட்டுநர் ஒப்படைத்த பழைய வில்லையே மீண்டும் அவரிடம் தரப்பட்டது. அதிலுள்ள பெயரை எவரும் படிக்கவில்லை. மோதலில் 17 பேர் இறந்தனர்.

சிங்கப்பூரின் புக்கிட் தீமா நிலையத்திலும் 2011 வரை ஓட்டுநரும் நிலைய ஊழியரும் இத்தகைய சாவியைக் கைமாற்றி வந்தனர். கைமாறும் பொருளைக் கண்ணால் பார்த்துப் பெறுவதே அவ்வேலையின் முதற்பாடம்.