பார் இல்லாத சைக்கிள்

1894 ஜூனில் பாஸ்டனிலிருந்து உலகம் சுற்றக் கிளம்பினார் ஆனி லண்டன்டெரி, மூன்று குழந்தைகளின் தாய். (அந்தப் பெயரே ஒரு குடிநீர்க் கம்பெனியின் விளம்பரத்துக்காக வைத்துக்கொண்டது.) ஏறியது பெண்களுக்கான கொலம்பியா சைக்கிள், எடை 42 பவுண்டு, ஏறத்தாழ 19 கிலோ. நீண்ட பாவாடைக்கு இடம்விட அதில் குறுக்கு பார் கிடையாது. பார் இல்லையென்றால் சட்டகம் தளரும்; ஈடுகட்டப் போனால் எடை கூடும். சிகாகோவில் பாவாடையை விட்டு ப்ளூமருக்கும், 21 பவுண்டு எடையுள்ள ஸ்டெர்லிங் ஆண்கள் சைக்கிளுக்கும் மாறினார். அதன்பிறகுதான் கடல் கடந்தார்.

விடுதலையின் கதையாக இதை வாசிக்கிறோம். சரிதான். ஆனால் காலை வீசி ஏற முடிந்தவரின் விடுதலை அது. இடுப்பு மூட்டு இறுகிப்போன எனக்கு அந்த பார் ஒரு மதில். நெடும்பயணத்துக்கோ கேரியரில் பைகள் வேறு. காலை அவற்றுக்கும் மேலாகச் சுழற்ற வேண்டும்.

அதனால் ஆனி உதறிய வடிவத்தைத்தான் தேடுகிறேன். "லேடீஸ் சைக்கிளா? மார்க்கெட் போய்வர நல்லா இருக்கும்க்கா" என்கிறார் கடைக்காரர். மார்க்கெட்டுக்கு இல்லை தம்பி. பாதத்தை எவ்வளவு தூக்கினால் ஏறலாம் என்று இஞ்சுடேப்பால் அளக்கிறேன். பைகளை மாட்டி ஓட்டி, ஹேண்டில்பார் ஆடுகிறதா என்று பார்க்கிறேன். சுமையில் ஒரு பகுதியை முன்சக்கரத்தின் பக்கம் மாற்றினால் ஆட்டம் குறைகிறது. பிரேக்கை இறுகப் பிடித்து, வண்டியை என் பக்கம் சாய்த்து ஏறினால் இன்னும் இரண்டு விரற்கடை மிச்சம்.