வீதியோரத்து எழுத்தின் வரலாறு

ஏட்டில் உள்ள எழுத்தை நிதானித்து வாசிக்கலாம். ஐயமுறின் மீண்டும் நோக்கலாம். வீதியோரப் பலகையின் எழுத்துக்கோ அவ்வாய்ப்பில்லை. மணிக்கு 70 மைல் வேகத்தில் விரையும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 31 மீற்றர் தூரத்தைக் கடந்துவிடும். அச்சில செக்கன்களுள் சாரதி தன் வழியைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். ஆதலின், எழுத்தின் வடிவம் ஆங்கு உயிர்காக்கும் கருவியாகின்றது. பிரித்தானியர் இவ்வுண்மையை உணர்ந்த வரலாறு ஆராய்தற்குரியது.

தொடக்கத்தில் அந்நாட்டின் வீதிக்குறிகள் பலவற்றை மோட்டார்க் கழகங்களே நாட்டின. பின்னர் அரசாங்க விதிகள் எழுந்தபோதும் முழுமையான ஒருமைப்பாடு ஏற்படவில்லை. ஊர்ப்பெயர்கள் பேரெழுத்துக்களிலேயே பொறிக்கப்பட்டன. விரைவு நெடுஞ்சாலைகள் அமைக்கப்படலாயின காலத்தில் இம்முறை போதாதென்பது தெளிவாயிற்று. 1957ஆம் ஆண்டில் சேர் கொலின் அன்டர்சன் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. அக்குழுவின் வேண்டுகோட்படி ஜொக் கினியரும் அவருடைய மாணவியாயிருந்த மார்கரெட் கல்வேட்டும் புதிய எழுத்துருவை வகுத்தனர். 1958 டிசெம்பர் 5ஆம் நாள் திறக்கப்பட்ட பிரெஸ்டன் புறவழிச்சாலையில் அவர்தம் பலகைகள் முதன்முதல் பரீட்சிக்கப்பட்டன.

சாரதி எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிப்பதில்லை. தான் முன்னரே அறிந்த பெயரின் உருவத்தையே தேடுகின்றான் என்பது கினியரின் கருத்து. சிற்றெழுத்துக்கள் மேலும் கீழும் நீண்டு நிற்றலால் ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தோற்றம் உண்டாகின்றது. 'எல்' என்னும் சிற்றெழுத்தின் அடியை வளைத்து, 'ஐ' என்னும் பேரெழுத்தோடு அது மயங்காவண்ணம் செய்தனர். எழுத்துக்களின் இடைவெளியையும் திட்டமாக வரையறுத்தனர்.

கல்லெழுத்துக் கலைஞரான டேவிட் கின்டர்ஸ்லி இதனை மறுத்தார். முனைகளிற் கீற்றுடைய பேரெழுத்துக்கள் சிறிய பலகையிலும் தெளிவாகத் தோன்றும் என்பது அவர் வாதம். பென்சன் விமானத்தளத்தில் மேடைமீது அமர்ந்தோரை நோக்கிப் பலகை தாங்கிய வண்டிகளைச் செலுத்தி இரு முறைகளையும் சோதித்தனர். கின்டர்ஸ்லியின் எழுத்து மிகச் சிறிதளவே மேம்பட்டது. அவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று எனக் கொள்ளப்பட்டது. தோற்றப் பொலிவு கருதிக் கினியர் முறையே தெரிவாயிற்று. சேர் வால்டர் வோபோய்ஸ் குழுவின் 1963ஆம் ஆண்டு அறிக்கையைத் தழுவி 1965 சனவரி 1 முதல் புதிய குறிகள் நடைமுறைக்கு வந்தன. 'ட்ரான்ஸ்போர்ட்' எனப்படும் அவ்வெழுத்துரு இன்றும் அங்கு வழங்குகின்றது.

அளவைகள் முடிவு கூறாதவிடத்து மனிதரின் தெரிவே முடிவாகின்றது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. ஆயினும், சோதனையின்றி அத்தெரிவு நிகழவில்லை என்பதே நாம் போற்றத்தக்கது. தமிழில் பேரெழுத்து, சிற்றெழுத்து என்னும் பாகுபாடு இல்லை. எமக்குரிய இடர்ப்பாடு புள்ளியும் சுழியும் தொலைவில் மங்குதலாகும். ஆங்கிலப் பலகையின் முடிவுகளை அவ்வாறே இரவல் பெறுதல் பயன்தராது. எம்மெழுத்தை எம் வீதியில், எம் சாரதிகளின் கண்கொண்டு சோதித்தலே அவ்வரலாறு தரும் படிப்பினையாம்.