தலைமைக்குத் தகுதி: யாப்பு சொன்னதும் காலம் கேட்டதும்

நூறாண்டு நிறைவுக்காகப் பழைய கூட்டறிக்கைகளைப் புரட்டியபோது, எமது சங்கத்தின் யாப்பையும் முதன்முறையாக முழுமையாக வாசித்தோம். கல்லூரிக் கீதத்தை மனனம் செய்த எம்மில் எவரும் யாப்பை மனனம் செய்ததில்லை. எனினும், முன்கதிரையில் யார் அமரலாம் என்பதைத் தீர்மானித்து வந்தது அதுவே.

சங்கம் தொடங்கியபோது இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை இருக்கவில்லை. டொனமூர் ஆணைக்குழு 30 வயதைக் கடந்த பெண்களுக்கே வாக்கு எனச் சிபாரிசு செய்தது. பெண்கள் அமைப்புகளின் முயற்சியும் சேர, 1931 இல் ஆண்களைப் போலவே 21 வயதில் அது கிடைத்தது. 1932 இல் நேசம் சரவணமுத்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அதற்கு முன்பே எமது மூத்தோர் தமது சிறு சபையில் வாக்களித்துத் தலைவரைத் தெரியவும், கணக்கு ஒப்புவிக்கவும் பழகியிருந்தனர்.

குழுத்தலைவர் பதவியின் கனதியை நாடும் அக்காலத்தில் கண்டது. அரசாங்க சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தது. ஒவ்வொரு குழுவும் தெரிந்த தலைவரே அமைச்சரானார். 1936 இல், குழுக்களில் எவர் இடம்பெறுவார் என்பது திட்டமிடப்பட்டதால் ஏழு தலைவர்களும் சிங்களவராகவே தெரிவாயினர். விதி மீறப்படவில்லை, ஆனால் ஒரு பகுதியினர் வெளியே நின்றனர்.

எமது யாப்பிலும் அத்தகைய ஒரு விதி இருந்தது. உபகுழுத் தலைவர் உள்ளூரில் வசிப்பவராகவும், சந்தா நிலுவையற்றவராகவும், முந்திய ஆண்டின் கூட்டங்களுக்குச் சமூகமளித்தவராகவும் இருக்கவேண்டும். அமைதிக் காலத்தில் அது நியாயமான விதியே. வேலை தெரிந்தவர் கையில் பொறுப்பு இருக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகியிருந்த நாம் புத்தகப் பையுடன் தென்மராட்சிக்கு நடந்தோம். அதன்பின் உள்ளூர் எது, நிலுவை எது, கூட்டம் எது? திரும்பி வந்த சில அக்காமார் தளபாடங்களைத் தேடிச் சேர்த்தார்கள். வசதியற்ற பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பித்தார்கள். 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோதும் அவர்களே நின்றார்கள். யாப்பின்படி தெரிவாகாததால், முன்னாள் தலைவர்கள் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. அந்த ஆண்டுகளுக்கு எதிரே வெறும் கோடு மட்டுமே இருக்கிறது.

அந்தப் பட்டியலைப் பார்த்தும் இத்தனை ஆண்டுகள் கேள்வி கேட்காமல் இருந்தோம். அது எமது தவறு.

இன்று எம்மவர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழ்கிறோம். வதிவிட விதியை நீக்கவேண்டுமெனச் சிலரும், நீக்கினால் ஊரில் உழைப்போர் ஓரங்கட்டப்படுவர் எனச் சிலரும் கூறுகின்றனர். இரண்டு அச்சமும் உண்மையானவை. ஆகவே, இணைத்தலைவர் இருவர், அவர்களுள் ஒருவர் உள்ளூரவர் என்றிருக்கலாம். காசோலையில் உள்ளூரவர் ஒப்பமும் இருக்கட்டும். கணக்கை ஒப்படைக்காதவர் மறுபடி தெரிவாகக் கூடாது. எத்தகுதியானாலும் யாப்பிலே எழுதப்படட்டும். கூட்டத்துக்குக் கூட்டம் மாறவேண்டாம். இடர்காலத்தில் பொறுப்பேற்போரைப் பின்னர் பொதுச்சபை அங்கீகரிக்கவும் ஒரு பிரிவு வேண்டும்.

வரும் பொதுக்கூட்டத்தில் இவற்றைத் தீர்மானிப்போம். அதற்கு முன் அந்த அக்காமாரின் பெயர்களைத் தெரிந்தவர்கள் செயலாளருக்கு எழுதியனுப்புங்கள். கோடு இட்ட இடத்தில் பெயர்கள் வரட்டும்.