தரங்கம்பாடியின் அமைதி

வேளாங்கண்ணித் திருத்தலத்திற்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்வோர், பூம்புகாரைத் தாண்டிக் காரைக்காலை எட்டுமுன் தரங்கம்பாடி என்னும் சிற்றூரைக் கடக்கின்றனர். பெரும்பாலோர் நிற்பதில்லை. நிற்பவர்களும், "இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்கின்றனர். கடலோரம் ஒரு கோட்டை, பழைய ஆலயங்கள், ஓர் அகன்ற வீதி, ஓயாத அலை. அரை நாளில் பார்த்து முடிக்கலாம். இரைச்சலற்ற இடத்தில் இரண்டு நாள் ஓய்ந்திருக்க விரும்புவோர்க்கு ஏற்ற ஊர் என்றும் சொல்வர். உண்மைதான். எனினும், இவ்வூர் என்றும் இத்துணை அமைதியாய் இருந்ததில்லை. இந்த அமைதி எவ்வாறு வந்தது என்று கேட்பதே இங்கு வருவோர் முதலில் செய்யத்தக்கது.

கடற்கரைக்குச் சென்றால் மாசிலாமணிநாதர் கோயிலைக் காணலாம். பாண்டிய மன்னன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது அது. அதன் கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்று குறிக்கின்றது. கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டது.

கோயிலுக்கு அருகே நிற்பது டேனியர் கோட்டை. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறித்தியானுடன் உடன்படிக்கை செய்து, வணிகம் புரியவும் கோட்டை கட்டவும் இடமளித்தார். மிளகும் துணியும் கப்பலேறின. அந்நாளில் இக்கரையில் நின்றவனுக்கு அலையோசையைவிடச் சுமைதூக்குவோரின் குரலே மிகுதியாய்க் கேட்டிருக்கும்.

1706-இல் டென்மார்க் மன்னர் அனுப்பிய லுத்தரன் சபைக் குருக்களான சீகன்பால்கும் புளுட்சோவும் வந்திறங்கினர். அவர்களை வரவேற்க வேண்டிய கோட்டைத் தளபதியே பகைத்தார். சீகன்பால்கு அக்கோட்டையிலேயே நான்கு மாதம் சிறையிருந்தார். எனினும், அவர் மணலில் எழுதிப் பழகும் சிறுவரோடு அமர்ந்து தமிழ் கற்றார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்தன. அவை அளவிற் பெரியவை, தாளோ அரிது. ஆகவே, சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். அருகிலுள்ள பொறையாற்றில் தாள் செய்யவும் முயன்றனர். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. 1578-இலேயே கொல்லத்தில் இயேசு சபையின் அண்டிரிக் அடிகளார் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டதை நாம் பெருமையோடு நினைக்கிறோம். அத்தகைய உழைப்பை மற்றொரு சபையார் தொடர்ந்ததையும் அதே பெருமையோடு நினைப்பது நமக்குத் தகும். 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தில், மறு ஆண்டே தம் முப்பத்தாறாம் வயதில் இறந்த சீகன்பால்கு துயில்கின்றார்.

பின்னர் வணிகம் மெலிந்தது. 1845-இல் டென்மார்க் தன் இந்தியக் குடியேற்றங்களான தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சீராம்பூரையும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியிடம் விற்றது. ஊரோடு மக்களும் கைமாறினர். சில ஆண்டுகள் மாவட்டத் தலைமையிடமாய் இருந்த சிறப்பும் நீடிக்கவில்லை. 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து இருப்புப்பாதை ஓடத் தொடங்கியதும் சரக்கு அத்துறைமுகத்தை நாடிற்று. மாயவரத்திலிருந்து இவ்வூருக்குப் பின்னாளில் வந்த தொடர்வண்டியும் 1986-இல் நின்றது. கப்பலும் கச்சேரியும் வண்டியும் ஒவ்வொன்றாய்ப் போனபின் எஞ்சியதே நாம் இன்று விரும்பித் தேடிவரும் அமைதி. வேலையை இழந்த ஊரின் அமைதி அது.

போகாமல் இங்கேயே நின்றவர்கள் மீனவர்கள். நாயக்கர் கண்ட கடலிலும் டேனியர் கண்ட கடலிலும் வலைவீசியவர் அவர்கள் முன்னோரே. உடன்படிக்கைகளில் அவர்கள் பெயர் இல்லை. 2004 டிசம்பர் 26 காலை, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள், ஆழிப்பேரலை வந்தபோது முதலில் அடிபட்டவை அவர்களுடைய குடியிருப்புகளே. அன்று கடல் உள்வாங்கியபின் இவ்வூரில் விழுந்த அமைதி, சுற்றுலாப் பயணி தேடும் அமைதியன்று.

ஆகவே, இங்கு வருவோர் என்ன செய்யலாம்? 1792-இல் கட்டிய நகர வாயிலில் வண்டியை நிறுத்திவிட்டு, அரசர் வீதி வழியே கடல்வரை நடக்கலாம். கோட்டைக்குள் உள்ள காட்சியகத்தில் ஒரு மணி நேரம் செலவிடலாம். கல்லறைத் தோட்டங்களில் நின்று, தாய்நாடு திரும்பாது மறைந்தவர்களுக்காகவும், பெயர் பொறிக்கப்படாத நம்மவர்களுக்காகவும் மன்றாடலாம். விடியலில் படகுகள் கரையேறும்போது புகைப்படம் எடுக்குமுன், "இன்று பாடு எப்படி?" என்று கேட்கலாம். மீன் வாங்கினால் பேரத்தைச் சற்றே குறைத்துக்கொள்ளலாம்.

ஓய்வு இறைவன் தந்த கொடை. ஆனால், நாம் ஓய்வுகொள்ளும் இடம் வேறொருவரின் உழைப்பும் இழப்பும் படிந்த மண். அதை அறிந்து அமர்பவர் அங்கே விருந்தினர். அறியாது அமர்பவர் வெறும் வாடிக்கையாளர். அடுத்த முறை வேளாங்கண்ணிக்குச் செல்லும்போது, ஒரு பொழுதேனும் தரங்கம்பாடியில் விருந்தினராய் இறங்குவோம்.