பழைய புல்லட் பொறியின் ஒலிகளைக் கண்டறிதல்

பழைய புல்லட் பொறியின் ஒலிகளைக் கண்டறிதல் என்பது, வார்ப்பிரும்பு உருளை கொண்ட என்ஃபீல்டு புல்லட் மோட்டார் சைக்கிளில் வழக்கத்துக்கு மாறாகக் கேட்கும் ஒலியின் தாளம், அது எழும் இடம், அது தோன்றும் சூழல் ஆகியவற்றைக் கொண்டு, பொறியைப் பிரிக்கும் முன்னரே பழுதான உறுப்பை ஊகித்தறியும் முறை ஆகும். இவ்வகைப் பொறியில் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் மானியோ எச்சரிக்கை விளக்கோ இல்லை. எனவே உட்புறத் தேய்மானம் பெரும்பாலும் முதலில் ஓட்டுநரின் செவிக்கே தெரிகின்றது.

பின்புலம்

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. சென்னை திருவொற்றியூர் ஆலையில் உருவான 350 வகைப் புல்லட்டின் கொள்ளளவு 346 கன செ.மீ, உருளையின் விட்டம் 70 மிமீ, பிஸ்டன் நகரும் தொலைவு 90 மிமீ. வால்வுகளை நீண்ட புஷ்ராடுகள் இயக்குகின்றன. இப்பொறி ஏறத்தாழ 2010 வரை உற்பத்தியில் இருந்தது. அதற்குப் பின் வந்த, கியர்பெட்டியும் பொறியும் ஒரே கூட்டுக்குள் அமைந்த வகையில் டேப்பட்டுகள் எண்ணெய் அழுத்தத்தால் தாமே சரிசெய்து கொள்கின்றன. கீழே கூறப்படும் டேப்பட் சீரமைப்பு அதற்குப் பொருந்தாது.

பொறியைத் தேவையின்றிப் பிரிப்பதில் செலவைத் தாண்டிய சிக்கலும் உண்டு. 2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டதும் மூல வடிவிலேயே பேணப்பட்டதும் பெரிய மாற்றத்துக்கு உட்படாததுமான வண்டியே தொன்மை வாகனமாகப் பதியப்படும். ஒரு தளர்ந்த திருகின் ஓசையைக் கிராங்க் பழுது எனக் கருதிப் பொறியைப் பிரித்து, கிடைத்த உறுப்புகளை மாற்றிப் பூட்டிய வண்டியில் மூல உறுப்புகள் திரும்பக் கிடைப்பதில்லை. ஆனால் உண்மையான கிராங்க் பழுதை "பழைய வண்டி என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடுவது இதைவிடக் கேடானது.

தாளம்

ஒலியின் உரப்பைவிட அதன் தாளமே கூடுதல் தகவலைத் தருகின்றது. நான்கு வீச்சுப் பொறியில் கிராங்க் இருமுறை சுழல்கையில் கேம் ஒருமுறை சுழல்கின்றது. புகைக்குழாயிலிருந்து வரும் "டப்" என்னும் வெடிப்பும் ஒருமுறையே நிகழ்கின்றது. நிமிடத்துக்கு 800 சுற்றுகளில் நின்றோடும் பொறியில் கிராங்க்கைச் சார்ந்த தட்டல் 800 முறையும், ஒரு வால்வைச் சார்ந்த தட்டல் 400 முறையும் எழும். இவற்றை எண்ண வேண்டியதில்லை. புகைக்குழாயின் வெடிப்பைத் தாளமாக வைத்துக்கொண்டு, ஒரு வெடிப்புக்கு ஒரு தட்டலா இரண்டா என்று கேட்டாலே போதும். ஒன்று எனில் வால்வு இயக்கத்தையும், இரண்டு எனில் கிராங்க், கனெக்டிங் ராடு ஆகியவற்றையும் முதலில் ஐயுறலாம்.

இவ்விதிக்கு விலக்குகள் உள்ளன. பிஸ்டன் அறைதல் எரிப்பு வீச்சில் மட்டுமே உரத்துக் கேட்பதால், கிராங்க்கைச் சார்ந்ததாயினும் ஒரு வெடிப்புக்கு ஒன்றாகவே தோன்றக்கூடும். இரு டேப்பட்டுகளும் தளர்ந்திருந்தால் ஒரு வெடிப்புக்கு இரு தட்டல்கள் கேட்கும். ஆயினும் அவற்றின் இடைவெளி சமமாக இராது.

இடத்தை அறிய நீண்ட திருப்புளியின் முனையைப் பொறியின் மீது வைத்துப் பிடியைக் காதருகே எலும்பில் அழுத்திக் கேட்பது பட்டறைகளில் பரவலான முறை. மருத்துவரின் காதுக்குழல் போல இது செயற்படுகின்றது. சங்கிலி, சக்கரம், சூடான புகைக்குழாய் ஆகியவற்றில் படாதவாறு வைத்தல் வேண்டும்.

பொறிக்கு வெளியே

முதலில் தேட வேண்டிய இடம் பொறியின் வெளிப்புறமே. தளர்ந்த சைலன்சர் பட்டை, மட்கார்டு, கருவிப்பெட்டி மூடி, பொறியைச் சட்டத்துடன் பிணைக்கும் போல்ட்டுகள் ஆகியவை குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் கிணுகிணுக்கும். கையால் அழுத்திப் பிடித்தால் ஓசை நின்றுவிடும்.

தொழில் பழகியோரையும் ஏமாற்றும் ஒலிகள் இரண்டு. புகைக்குழாய் உருளைத் தலையில் சேருமிடத்தில் வளி கசிந்தால் ஒரு வெடிப்புக்கு ஒரு "டிக்" எனத் தளர்ந்த டேப்பட்டைப் போலவே ஒலிக்கும். டேப்பட்டை எத்தனை முறை சரிசெய்தாலும் மாறாத ஒலிக்கு இதுவே காரணமாக இருக்கலாம். இணைப்பைச் சுற்றிப் படியும் கரி இதன் அடையாளம். மற்றது, இடப்புறச் சங்கிலிக்கூட்டுக்குள் கிராங்க் முனையில் பூட்டப்பட்ட ஆல்ட்டர்னேட்டர் ரோட்டர் தளர்வதால் எழும் கனத்த தட்டல். இது பிக் எண்டு பழுதை ஒத்திருக்கும். கிராங்க்கைப் பிரிக்க முடிவெடுக்கும் முன் இம்மூடியைக் கழற்றி ரோட்டரை ஆட்டிப் பார்ப்பது அரைமணி நேர வேலை.

டேப்பட், சங்கிலி, கியர்பெட்டி

டேப்பட் ஒலி தையல் இயந்திரத்தின் ஓட்டத்தை ஒத்தது. உருளையின் வலப்புறம் தெளிவாகக் கேட்கும். பொறி முற்றிலும் குளிர்ந்திருக்கையில், அழுத்த வீச்சின் முடிவில் பிஸ்டன் மேல்நிலையில் நிற்குமாறு வைத்து, உருளையின் அடிப்பகுதியில் உள்ள சிறு மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். புஷ்ராடு விரலால் எளிதாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. ஒலியை அறவே ஒழிக்க எண்ணி இறுக்குவது தவறு. அப்போது வால்வு முழுமையாக மூடாமல், அழுத்தம் குறைந்து, கிக் அடித்தாலும் பொறி கிளம்பாது. நாளடைவில் வால்வின் விளிம்பு எரிந்துபோகும். சற்று ஒலிக்கும் டேப்பட்டால் அத்தகைய கேடு இல்லை.

இடப்புறத்தில் சீரற்ற "சலசல" ஒலி நின்றோடும்போது மிகுந்து, திராட்டிலைத் திருக்கியதும் குறைந்தால் பிரைமரி சங்கிலி தளர்ந்திருக்கலாம். கிளட்ச்சைப் பிடித்ததும் ஒலி மாறினால் கிளட்ச்சிலோ கியர்பெட்டியிலோ தேடலாம்.

பிஸ்டன் அறைதல்

காலையில் கிளப்பியதும் உள்ளீடற்ற "டொக் டொக்" ஒலி கேட்டு, சில கிலோமீட்டர்களில் மறைந்தால் அது பிஸ்டன் உருளைச் சுவரில் மோதுவது ஆகும். அலுமினியக் கலவையாலான பிஸ்டன் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு விரிவதால், சூடேறியதும் இடைவெளி சுருங்கி ஒலி அடங்குகின்றது. இந்நிலையில் வண்டியை ஓட்டலாம். சூடான பின்னும் ஒலி நீடித்து, நீலப்புகையும் வந்தால் லேத் பட்டறையில் உருளையை அளந்து ரீபோர் செய்து, அளவு கூடிய பிஸ்டன் இட வேண்டும்.

மலை ஏற்றத்தில் கேட்கும் ஒலிகள்

சுமையின்றி நிற்கும் வண்டியில் சில பழுதுகள் வெளிப்படுவதில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ரிஷிவந்தியம், தியாகதுருகம் பக்கத்துச் சமவெளிச் சாலைகளில் அமைதியாக ஓடும் வண்டி, கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகளில் சில்லறைக் காசுகளைக் குலுக்கியது போன்ற ஒலியை எழுப்பலாம். கலவை உரிய முறையில் எரியாமல் வெடிப்பதால் எழும் இவ்வொலியைத் தட்டல் என்பர். புல்லட்டின் அழுத்த விகிதம் குறைவு என்பதால் பெட்ரோலைக் குறைகூறும் முன் மூன்று காரணங்களைப் பார்க்க வேண்டும்: தீப்பொறி முந்தி விழுதல், எரியறையில் கரி படிதல், ஏற்றத்திலும் மேல் கியரிலேயே ஓட்டுதல். கியரைக் குறைத்ததும் ஒலி நின்றால் பிழை ஓட்டும் முறையில் இருக்கக்கூடும். நிற்காவிடில் பாயிண்ட் இடைவெளியையும் டைமிங்கையும் சரிபார்க்க வேண்டும். இதைப் பொருட்படுத்தாது தொடர்ந்து ஏறினால் பிஸ்டனின் தலை ஓட்டையாகும்.

எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 2025இல் இந்தியா முழுவதும் பரவலானது. எத்தனால் தட்டலைக் கூட்டுவதில்லை, குறைக்கவே செய்யும். ஆனால் பழைய கார்புரேட்டரின் ஜெட் அளவுக்குக் கலவை மெலிந்துவிடுவதால், இறக்கத்தில் திராட்டிலை மூடும்போது சைலன்சரில் படபடப்பு மிகலாம்.

பிக் எண்டு

உடனே வண்டியை நிறுத்த வேண்டிய ஒலி இதுவே. புல்லட்டின் கனெக்டிங் ராடு கிராங்க்குடன் சேருமிடத்தில் பிற பல ஒற்றை உருளைப் பொறிகளில் உள்ளது போல் உருளைத் தாங்கி இல்லாமல், மிதக்கும் புஷ் உள்ளது. இடைவிடாத எண்ணெய்ப் படலத்தின் மீதே இது சுழல்கின்றது. எண்ணெய் குறைந்தாலும், அழுக்கேறினாலும், பம்பு தளர்ந்தாலும் முதலில் தேய்வது இதுவே.

இதன் ஒலி ஆழமானது. மரச்சுத்தியலால் இரும்பைத் தட்டுவது போன்றது. பிஸ்டன் ஒலிக்கு நேர்மாறாக, எண்ணெய் சூடேறி மெலியும்போது இது உரக்கின்றது. சமவெளியில் மணிக்கு சுமார் 50 கிமீ வேகத்தில் சென்று, திராட்டிலைச் சிறிது மூடித் திறந்தால் அந்த மாற்றத்தின்போது தெளிவாகக் கேட்கும். ஐயம் எழுந்ததும் பொறியை அணைத்து எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். பல நாள் ஓடாமல் நின்ற வண்டியில் எண்ணெய் தொட்டியிலிருந்து கிராங்க் அறைக்குள் கசிந்திருக்கும். அளவுக்கோல் குறைவாகக் காட்டும். அந்நிலையில் மேலும் ஊற்றினால் அளவு மிகும். எனவே வழக்கமான சோதனைக்குச் சில நிமிடங்கள் ஓட்டியபின் பார்ப்பதே சரியானது. தட்டும் பொறியை அதற்காக மீண்டும் கிளப்பலாகாது.

பழுதை உறுதி செய்ய உருளையைக் கழற்றி, கிராங்க்கை மேல்நிலையில் நிறுத்தி, கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்துப் பார்ப்பர். செங்குத்தாக உணரத்தக்க ஆட்டம் இருத்தலாகாது. பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு. ஆட்டம் இருப்பின் கிராங்க்கை அழுத்தப் பொறியில் பிரித்துப் புஷ்ஷையும் முளையையும் மாற்றி, மீண்டும் நேர் பார்த்துச் சேர்க்க வேண்டும். அதற்குரிய கருவி இல்லாத பட்டறையில் இவ்வேலையை ஒப்படைப்பது பொருத்தமன்று.

தட்டலோடு தொடர்ந்து ஓடும் பொறியில் எண்ணெய்ப் படலம் அறுந்து புஷ் பிடித்துக்கொள்ளலாம். ராடு முறிந்து கிராங்க் அறையைப் பிளக்கலாம். ஓடும் வேகத்தில் இது நிகழ்ந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். அக்கணத்தில் கிளட்ச்சைப் பிடித்தால் சக்கரம் பொறியிலிருந்து விடுபடும். ஐயத்துக்குரிய வண்டியை ஓட்டிச் செல்லாமல், சரக்கு வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.