எழுத்துக்கும் முகம் உண்டு

ஈமாக்ஸ் என்ற எடிட்டர் 1976-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்தது. 1985-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட குனு ஈமாக்ஸை, லிஸ்ப் மொழி தெரிந்தால் நம் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம். எழுத்தின் நிறம், தடிமன், அளவு எல்லாம் சேர்த்து அதில் 'ஃபேஸ்' என்பார்கள். அதாவது, முகம்!

தமிழுக்கு அங்கே முகம் கிடைக்கத்தான் நாளாயிற்று. ஜப்பானியர்கள் பல மொழிகளுக்காக உருவாக்கிய மியூல், 1997-ல் ஈமாக்ஸோடு சேர்ந்தது. 2009-ல் வந்த 23-ஆம் பதிப்பு உள்ளுக்குள் யூனிகோடுக்கு மாறியது. இன்று தமிழுக்கு மட்டும் தனி எழுத்துரு, தனி அளவு என்று ஒரே வரியில் எழுதிவைக்கலாம்.

நானும் எழுதிவைத்தேன். அம்மா ஊரிலிருந்து போனில் சொன்ன கதையைத் தட்டச்சு செய்து, பெரிய எழுத்தில் காட்டினேன். புனேயில் இந்தி படித்து வளரும் மகள், எழுத்துக்கூட்டி முழுதும் வாசித்துவிட்டாள். உங்கள் வீட்டில் எப்படி?