பொன்னங்கிப் பிட்டாவும் ஜெர்டனின் மேல்காற்றும்

கோடை தொடங்கி மேற்கிலிருந்து நிலக்காற்று வேகமெடுக்கும்போது ஆறுமணிக் குருவிகள் என்னும் பிட்டாக்கள் கர்நாடிக் சமவெளியில் தென்படுகின்றன. பறக்கும் வலுவற்ற அவற்றைக் கிழக்குத் தொடர்ச்சி மலையிலிருந்து காற்றே தள்ளிக்கொண்டு வந்திருக்க வேண்டும். 'இந்தியப் பறவைகள்' (1862–64) நூலில் டி. சி. ஜெர்டன் தரும் விளக்கத்தின் சாரம் இது. குடிசையோ கொட்டகையோ, கிடைத்த இடத்தில் அவை ஒண்டிக்கொள்ளும் என்கிறார். அவர் முதலில் கண்ட குருவி சென்னைப் பொது மருத்துவமனைக்குள் அடைக்கலம் புகுந்திருந்தது. பின்னர் நெல்லூரிலும் இதே நிலையில் பல உயிருடன் கிடைத்தன.

அவர் கண்டதில் குறையில்லை. காரணம் கற்பித்ததில்தான் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் 'பறக்கும் வலுவற்ற' என்பதை எடுத்துக்கொள்வோம். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்யும் இப்பறவை குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கிறது. இலங்கைக்குப் போக இடையில் கடல் இருக்கிறது. இதே பேரினத்தைச் சேர்ந்த தேவதைப் பிட்டா ஜப்பான், கொரியா, தைவான் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு போர்னியோ வரை செல்கிறது. பகலில் சருகுகளுக்கிடையே தத்தித் தத்தி இரை தேடும் குட்டைவால் பறவையைப் பார்த்த ஜெர்டன், அதன் இரவுப் பயணத்தைப் பார்க்கவில்லை. பயணம் முடித்துக் களைத்துக் கிடந்த பறவையிடம் அவர் கண்ட சோர்வு, அதன் பிறவிக் குணமாகவே எழுதப்பட்டுவிட்டது.

அடுத்தது காலம். ஏப்ரல், மே மாதங்கள் இவை வடக்கே திரும்பும் பருவம். காற்று வீசினாலும் வீசாவிட்டாலும் அவை கிளம்பியே தீரும். மேல்காற்று அவற்றின் தடத்தைக் கடலோரமாக ஒதுக்கியிருக்கலாம். அந்த அளவுக்கு ஜெர்டனுக்கு இடம் கொடுக்கலாம். ஆனால் சென்னைத் தோட்டங்களுக்கு ஆறுமணிக் குருவி செப்டம்பர், அக்டோபரிலும் வருகிறது. வடகிழக்குப் பருவக்காற்று கடலிலிருந்து கரைக்கு வீசத் தொடங்கிய பிறகும் வந்து இறங்கும் பறவைகளை எந்த மேல்காற்று தள்ளிக்கொண்டு வந்தது?

கட்டடத்துக்குள் நுழைவதற்கும் புயல்போன்ற காரணம் தேவையில்லை. இது நிழல் அடர்ந்த புதரின் தரையில் வாழும் பறவை. விடியும்போது கீழே இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான வெட்டவெளி மணல் மட்டும் இருந்தால், இருட்டான மூலை எதுவும் அதற்குப் புதர்தான்.

ஜெர்டனுக்கு எதிரான வலுவான சாட்சி அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தியது. 1705இல் மறைந்த ஜான் ரேயின் பறவை நூலை வில்லியம் டெர்ஹம் 1713இல் பதிப்பித்தபோது, லண்டன் மருந்தாளர் ஜேம்ஸ் பெட்டிவர் தொகுத்த சென்னைப் பறவைகளின் பட்டியலும் படங்களோடு பின்னிணைப்பாகச் சேர்ந்தது. தகவல் அனுப்பியவர் புனித ஜார்ஜ் கோட்டையின் மருத்துவர் எட்வர்ட் பல்க்லி. அதில் 'மெட்ராஸ் ஜே' எனப்படும் பறவை நம் ஆறுமணிக் குருவி. அதற்கு உள்ளூர்ப் பெயராக 'பொன்னுங்கி பிட்டா' என்று குறித்திருக்கிறார்கள். பிட்ட என்றால் தெலுங்கில் சிறு பறவை. இப்பறவையின் வரலாற்றை ஜார்ஜ் எட்வர்ட்ஸ் 1764இல் வெளியிட்ட படத்திலிருந்து தொடங்குவோர் இந்தப் பின்னிணைப்பைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். லின்னேயஸ் 1766இல் இதைக் காக்கைகளோடு சேர்த்தார். 1816இல் வியேயோ தனிப் பேரினமாக்கி 'பிட்டா' என்றே பெயரிட்டார்.

ஜெர்டனும் தம் நூலில் தெலுங்குப் பெயரைப் 'போனா-இங்கி' என்று பதிந்திருக்கிறார். எழுத்துக்கூட்டல் வேறு, சொல் ஒன்றே. காற்றில் தவறி வந்த பறவைக்கு ஒன்றரை நூற்றாண்டு மாறாத பெயர் நிலைக்காது. ஆண்டுதோறும் தவறாமல் வருவதற்கே நிலைக்கும். தெலுங்கர் இப்பெயரை நெல்லூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து கொண்டுவந்திருக்கலாமே என்று கேட்டால், மறுக்க என்னிடம் ஆவணமில்லை. ஆனாலும் பெயரும் பறவையும் ஒன்றாகப் பல்க்லியின் கைக்கு வந்தது கோட்டைக்கு வடக்கே, தெலுங்கு பேசுவோர் நிறைந்திருந்த கறுப்பர் நகரத்து வழியாகத்தான் என்று கருதுகிறேன்.

எந்த ஆண்டு என்பது தீரவில்லை. பல்க்லி 1692இல் பணியேற்றார். பட்டியல் அச்சானது 1713. இதற்குமேல் சுருக்க முடியவில்லை. 1708இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தாங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகிய ஐந்து ஊர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. பறவை அதற்குப் பிந்தியதானால் திருவொற்றியூர்ப் புதர்களிலிருந்தே வந்திருக்கவும் கூடும். ஊகம்தான். 1714இல் இறந்த பல்க்லியின் கல்லறை, ஜெர்டன் தம் முதல் குருவியைக் கண்ட மருத்துவமனைக்கு அருகில்தான் இருக்கிறது. தற்செயல், இதை வைத்து எதையும் நிறுவ நான் முயலவில்லை.

பேரினத்தின் விரிவைச் சுருக்கமாகச் சொல்லலாம். பிட்டாக் குடும்பத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஒரே பேரினமாக இருந்ததை 2006இல் வெளியான மரபணு ஆய்வை ஒட்டி மூன்றாகப் பிரித்தார்கள். 'பிட்டா' என்ற பெயர் ஆறுமணிக் குருவி உள்ளிட்ட பிரிவுக்கே நின்றது. ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அதன் உறவுகள் உள்ளன. அலையாத்திப் பிட்டா சுந்தரவனத்திலும் ஒடிசாவின் பிதர்கனிகாவிலும் வாழ்கிறது. தமிழகத்துக்கு வருவது ஒன்றே. வகைப்பாட்டியலாளர் இவற்றைப் பாடும் பறவைகளின் கிளையில் சேர்ப்பதில்லை; காலையும் மாலையும் கேட்கும் ஆறுமணிக் குருவியின் சீழ்க்கை பயின்று வந்ததல்ல, பிறவியிலேயே அமைந்தது.

இன்றைய தரவைக் கொண்டு ஜெர்டனின் காலத்தை அளப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. 1969இல் இயங்கத் தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலை, 2001இல் திறந்த எண்ணூர்த் துறைமுகம் ஆகியவற்றின் இரவு வெளிச்சமும் இப்போது பறவைகளை இறக்கக்கூடும். இதைப் பிரித்தறியத் தேதியிட்ட குறிப்புகள் தேவை. நம் பறவை நோக்கர்களின் கவனமோ கிண்டியிலும் அடையாற்றிலும் குவிந்திருக்கிறது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வாசகர்கள் வீட்டுக்குள்ளோ ஆலை வளாகத்திலோ ஆறுமணிக் குருவியைக் கண்டால் நாள், நேரம், காற்றின் திசை, அருகில் விளக்கு எரிந்ததா என்ற நான்கையும் எழுதி வையுங்கள்.